நகத்தளவு காற்று

ஒரூரோ
9 நவம்பர் 1987

தம்பி தெயோபிலோவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. கீழே சாந்தா குரூஸ் சமவெளி வெயிலில் வாழைப்பழம் தின்றுகொண்டு நலமாகத்தான் இருப்பாய். நேற்று கார்னிவலுக்கான முதல் அழைப்பு ஊர்வலம் நடந்தது. நம் பேண்டு குழுவில் எல்லாரும் வந்திருந்தார்கள். உன் டூபா மட்டும் ஊத ஆளில்லாமல் என் சமையலறையில் மாவு மூட்டைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது. காலையில் கஞ்சிக் கடைக்குக் கிளம்பும்போது அதன் முகத்தில் விழித்துவிட்டுத்தான் போகிறேன்.

சுரங்கத்தை மூடி எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த வருஷம் சுரங்க மாதா முன்னால் மண்டியிட்டது யார்? பிழைக்க ஒரு வழி காட்டு தாயே, மூன்று கார்னிவலுக்கு உன் சந்நிதி வரை ஊதிக்கொண்டே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டது யார்? மாதா வழி காட்டிவிட்டாள். தச்சுப் பட்டறையில் வேலை கிடைத்துவிட்டது. இரண்டு வருஷம் ஊதினாய். மூன்றாவது வருஷம் வரும்போது ஐயாவுக்கு மூச்சு வாங்குகிறதாம்.

அக்டோபரில் ஒத்திகைக்கு வந்தாயே, அந்தக் கூத்தை ஊரே பேசுகிறது. பஸ்ஸை விட்டு இறங்கும்போதே உன் உதடு நீலம். கோகா இலைத் தேநீர் கொடுத்தேன். இரண்டாவது கோப்பையும் கொடுத்தேன். நீ மூலையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கீழே போகிறேன் என்று மட்டும் சொன்னாய். குழுத் தலைவர் தோன் கிரிஸ்பின் அதைக் கேட்டுவிட்டு, “வெள்ளைக்காரனுக்கு சொரோச்சி வரும், சாந்தா குரூஸ்காரனுக்கு வரும். ஒரூரோவுல பொறந்தவனுக்கு மலை ஏறினா மயக்கம் வருதா? தண்ணிக்குள்ள மீனுக்கு ஜலதோஷம் பிடிச்ச கதையா இருக்கே,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலைப் பஸ்ஸிலேயே நீ போய்விட்டாய்.

அன்றைக்கு உன்னைக் கோழை என்று சொன்னேன். அதற்காக வருத்தப்படவில்லை. உன் இடத்தை நெஸ்தோருக்குக் கொடுத்துவிடலாமா என்று தோன் கிரிஸ்பின் கேட்கிறார். நெஸ்தோர் டூபா ஊதினால் மாடு கன்று போடுவது போல இருக்கும். உனக்குத் தெரியும்.

பதில் எழுது. காரணம் சொல்லாதே. வருகிற தேதியைச் சொல்.

எவரிஸ்தா


சாந்தா குரூஸ்
22 நவம்பர் 1987

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். சிரித்தால் இடப்பக்கம் இன்னும் வலிக்கிறது. அதனால் பாதிதான் சிரித்தேன்.

அது சொரோச்சி இல்லை. நான் பொய் சொல்லவும் இல்லை. ஒத்திகைக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் பட்டறையில் ஒரு கதவைத் தூக்கினேன். இடது மார்பில் ஊசி குத்தியதுபோல ஒரு வலி. சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். உண்மையில் நுரையீரலின் உச்சியில் ஒரு சின்னக் கொப்புளம் உடைந்திருக்கிறது. என்னைப் போன்ற நெட்டை ஒல்லிகளுக்குக் காரணமே இல்லாமல் வருமாம்.

இனி நான் சொல்வதைக் கஞ்சி கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கேள். இத்தனை வருஷம் டூபா ஊதினேன், மூச்சு என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நுரையீரலுக்குத் தானாக விரிய ஒரு சக்தியும் கிடையாது அக்கா. அதை விட்டால் சுருங்கிக்கொள்ளத்தான் பார்க்கும். விலாக்கூடோ வெளிப்பக்கம் விரியப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஈரம் மட்டும்தான் இருக்கிறது, காற்று இல்லை. ஆளுக்கொரு பக்கம் இழுப்பதால் அந்த இடத்தில் அழுத்தம் எப்போதும் வெளிக்காற்றை விடக் குறைவு. அந்தக் குறைச்சல்தான் நுரையீரலைச் சுவரோடு பிடித்து வைத்திருக்கிறது. இரண்டு கண்ணாடித் துண்டுகளை நனைத்து ஒட்டிப் பார். வழுக்கும், ஆனால் பிரியாது.

மூச்சை நாம் உறிஞ்சுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. வயிற்றுக்கு மேலே இருக்கும் தசை கீழே இறங்குகிறது, விலா விரிகிறது, கூடவே நுரையீரலும் விரிகிறது. உள்ளே இடம் கூடியதும் அழுத்தம் ஒரு மயிரிழை குறைகிறது, வெளிக்காற்று தானாக உள்ளே வந்துவிடுகிறது. இடம் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை.

எனக்கு அந்தக் கொப்புளம் உடைந்த ஓட்டை வழியாகக் காற்று நடுவில் புகுந்துவிட்டது. குறைச்சல் போய்விட்டது, பிடிப்பும் போய்விட்டது. நுரையீரல் சுருங்கிவிட்டது. அதோடு நான் மலை ஏறினேன். உயரம் போகப் போக வெளிக்காற்று மெலிகிறது இல்லையா, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று பெருத்துக்கொண்டே போனது. ஒரூரோவில் பட்ட பாட்டை விடத் திரும்பும் வழியில் இன்னும் உயரமான கணவாய் உச்சியில் பட்டதுதான் பெரிது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். கொச்சபம்பா பள்ளத்தாக்குக்கு இறங்கியதும் கொஞ்சம் விட்டது.

இங்கே ஆஸ்பத்திரியில் விலாவுக்கு நடுவில் ஒரு குழாய் போட்டு, அதன் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் மூழ்கவிட்டு, பாட்டிலைக் கட்டிலுக்குக் கீழே வைத்தார்கள். மூச்சை உள்ளே வாங்கினால் குழாய்க்குள் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். இருமினால் குமிழி வரும். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். என் நெஞ்சு என்ன செய்கிறது என்று முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். குமிழி நின்ற அன்று டாக்டரம்மாவை விட எனக்குத்தான் சந்தோஷம்.

நெஸ்தோருக்கு என் இடத்தைக் கொடுக்காதே. கார்னிவலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நான் வருவேன்.

தெயோ

பின்குறிப்பு: டூபாவின் வால்வுகள் சும்மா இருந்தால் இறுகிவிடும். தினமும் அமுக்கிவிடு.


ஒரூரோ
8 டிசம்பர் 1987

தம்பிக்கு,

குழாய் போட்டார்கள் என்பதை ஒரு மாதம் கழித்தா சொல்வாய்? கோபத்தில் உன் கடிதத்தை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், ஓரம் கருகிவிட்டது. நடுவில் இருப்பதைப் படிக்க முடிகிறது.

நீ சொன்னபடி கண்ணாடியை நனைத்துப் பார்த்தேன். படச் சட்டங்களிலிருந்து இரண்டைக் கழற்றினேன். ஒட்டிக்கொண்டது நிஜம். பிரிக்கப் போய் ஒன்று உடைந்துவிட்டது, அப்பா படம் இப்போது கண்ணாடி இல்லாமல் தொங்குகிறது. இரவு படுத்துக்கொண்டு வயிற்றில் ஒரு கை, மார்பில் ஒரு கை வைத்துப் பார்த்தேன். வயிறுதான் முதலில் எழும்புகிறது. இத்தனை காலம் நான் தோளைத் தூக்கித்தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். எதற்காகப் பார்த்தேன் என்று கேட்காதே.

உன் விளக்கத்தைத் தோன் கிரிஸ்பினிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்னு சொல்லுவாங்க. இவன் கூடத்த விட்டுட்டு நெஞ்சே கோணல்ங்கிறான்,” என்றார். அவருக்குச் சோறு போட்டிருக்கக் கூடாது.

நான் உன்னை நம்புகிறேன். ஆனால் மாதாவுக்கு என்ன சொல்வது? வேண்டுதலை நடுவில் விட்டவர்கள் கதை உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓட்டை அடைபட்டுவிட்டதென்றால் வா. மெதுவாக வா, கொச்சபம்பாவில் தங்கி வா. கடைசி மேட்டில் மட்டும் ஊதினால் கூடப் போதும். நம் வீட்டு வேண்டுதலை நெஸ்தோர் ஊதி முடிக்க வேண்டாம்.

கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். நீ அங்கே வெயிலில் போட மாட்டாய், தெரியும். இருந்தாலும் வைத்துக்கொள்.

எவரிஸ்தா


சாந்தா குரூஸ்
11 ஜனவரி 1988

அக்காவுக்கு,

நல்ல செய்தி. பஸ்ஸில் இடம் பதிவு செய்துவிட்டேன். பிப்ரவரி பதினொன்று இரவு கிளம்புகிறேன். வெள்ளிக்கிழமை உன் கடையில் சூடாகக் கஞ்சி குடிப்பேன், சனிக்கிழமை ஊதுவேன்.

போன வாரம் எக்ஸ்ரே எடுத்தார்கள். நுரையீரல் கிட்டத்தட்ட முழுக்க விரிந்துவிட்டது. உச்சியில் மட்டும் நகத்தளவு காற்று நிற்கிறதாம். மழை விட்டும் தூவானம் விடவில்லை, அவ்வளவுதான். டாக்டரம்மா இன்னும் பொறு என்கிறாள். “நகத்தளவுதானே,” என்றேன். “யாரோட நகம்னு மேலே போனப்புறம் தெரியும்,” என்று எரிந்து விழுந்தாள். அவள் இந்தச் சமவெளியில் பிறந்தவள். மலை என்றாலே அவளுக்குப் பயம். நான் அங்கே பிறந்தவன், அந்தக் காற்றில் வளர்ந்தவன். சுரங்கத்தில் எத்தனை ஆழத்திலிருந்து ஏறி வந்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகாது.

தினமும் சாயங்காலம் ஒரு காலி பாட்டிலை ஊதிப் பழகுகிறேன். வலியில்லை. கோழை என்று சிரித்தவர்கள் முன்னால் கோயில் மேட்டில் நின்று ஊத வேண்டும் எனக்கு. அதை நினைத்தால் இப்போதே நெஞ்சு விம்முகிறது.

நான் குடியிருக்கும் வீட்டுக்காரம்மா சீஸ் ரொட்டி சுட்டு, மொறுமொறுவென்று காயவைத்துத் தந்திருக்கிறாள். பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாயை மெழுகுவத்தி நெருப்பில் நானே ஒட்டினேன். நொறுங்காமல் இருக்கட்டும் என்று கொஞ்சம் காற்றும் விட்டிருக்கிறேன். டிரைவர் லுபர்தோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். பேண்டில் எல்லாருக்கும் கொடு, தோன் கிரிஸ்பினுக்குத் தவிர.

தெயோ


ஒரூரோ
15 ஜனவரி 1988

தெயோ,

வராதே.

லுபர்தோ இன்று காலை வந்தான். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, “உங்க தம்பி ரொட்டி அனுப்பினானா, பட்டாசு அனுப்பினானா? கணவாய்ல டப்பு டப்புன்னு வெடிக்குது. பின் சீட்டுல ஒரு பாட்டி சிலுவை போட்டுக்கிச்சு,” என்றான். பெட்டியைத் திறந்தேன். சில பைகள் கிழிந்து கிடந்தன. மற்றவை எல்லாம் முரசுத் தோல் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தன. விரலால் சுண்டினேன், சத்தம் வந்தது.

கீழேயிருந்து வரும் பைகள் இப்படி உப்புவதைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். சந்தையில் எல்லாரும் பார்க்கிறோம், ஒருவரும் அதைப் பற்றி நினைப்பதில்லை. இன்று நினைத்தேன். நீ கொஞ்சம் காற்று விட்டு ஒட்டியிருக்கிறாய். அந்தக் கொஞ்சம் இங்கே வந்து என்னவாகியிருக்கிறது என்று என் கையில் இருக்கிறது. ஒரு பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே அழுதேன் தெயோ. கஞ்சி வாங்க வந்தவர்கள் யாரோ செத்துவிட்டதாக நினைத்தார்கள்.

உப்பிய பையை எடுத்துப் போய்த் தோன் கிரிஸ்பின் முகத்துக்கு நேராக நீட்டினேன். “இது எங்க பொறந்ததுன்னு காத்து பார்க்குமா? ஒரூரோ ரொட்டியா இருந்தா உப்பாம இருக்குமா? சொல்லுங்க,” என்று கேட்டேன். அவர் பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கவில்லை. கடைசியில், “அன்னிக்கு அவனை நாம தேநீரக் குடிக்க வெச்சு உக்கார வெச்சோமே,” என்று மட்டும் சொன்னார்.

மலையில் பிறந்தவனுக்கு மலை ஒன்றும் செய்யாது என்று நீ எழுதியிருக்கிறாய். அதே வார்த்தையைச் சொல்லித்தான் நாங்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தோம். எனக்கு மூச்சைப் பற்றி ஒரு பக்கம் பாடம் எழுதிவிட்டு இப்போது நீயே அதை மறந்தால் எப்படி? நகத்தளவு அங்கேயே இருக்கட்டும். டிக்கெட்டைத் திருப்பிக் கொடு.

அக்கா


சாந்தா குரூஸ்
24 ஜனவரி 1988

அக்கா,

வா வா என்று எழுதியதும் நீதான், வராதே என்று எழுதுவதும் நீதான். ரொட்டிப் பையும் நானும் ஒன்றில்லை.

வேண்டுதல் என்னுடையது. நெஞ்சும் என்னுடையது. கடைசி வருஷத்தை விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு இருப்பது? என் இடத்தில் நெஸ்தோர் நின்று ஊதுவதை ரேடியோவில் கேட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. பதினொன்று இரவு கிளம்புகிறேன். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

தெயோபிலோ


ஒரூரோ
2 பிப்ரவரி 1988

தம்பிக்கு,

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது நம் குடும்பத்துக்கே உள்ள குணம். ஆகையால் உன்னோடு வாதாடப் போவதில்லை. செய்தி மட்டும் சொல்கிறேன்.

உன் இடம் போய்விட்டது. நீ வந்தாலும் நிற்க இடமில்லை. கவலைப்படாதே, நெஸ்தோருக்குக் கொடுக்கவில்லை. எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

சிரிக்காதே, உனக்கு வலிக்கும். வால்வுகளை அமுக்கிவிடச் சொன்னாய் அல்லவா? நவம்பரிலிருந்து தினமும் அமுக்கினேன். வெறுமனே அமுக்குவானேன் என்று கொஞ்சம் ஊதினேன். சின்ன வயதில் அப்பாவின் டூபாவில் முதல் முதலாகச் சத்தம் வரவழைத்தது நீ இல்லை, நான். உனக்கு அப்போது ஊதுவாய் முகத்தில் பாதியை மூடும். பெண் பிள்ளை கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பதா என்று அப்பா பிடுங்கி உன்னிடம் கொடுத்தார். அதற்காக உன்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் இப்போது இல்லை.

முதலில் நான்கு தாளம் கூடத் தாங்கவில்லை. தோளைத் தூக்கிக் காற்றை இழுத்து இழுத்து மயக்கம் வந்தது. அப்புறம்தான் நீ எழுதியது நினைவுக்கு வந்தது. இழுப்பதை விட்டேன். வயிற்றைத் தளர்த்தி இடம் கொடுத்தேன். வந்தது தெயோ. பாவாடை நாடாவை இரண்டு விரல் தளர்த்திக் கட்ட வேண்டியதாயிற்று, மற்றபடி ஒன்றும் கஷ்டமில்லை.

போன ஞாயிறு ஒத்திகையில் போய் நின்றேன். டிரம்பெட்காரர்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். நெஸ்தோர், “டூபா நடந்து வருது, ஆள் எங்கே?” என்றான். ஊதி முடித்ததும் தோன் கிரிஸ்பின் கொஞ்ச நேரம் தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “பாவாடைக்கு மேலே சீருடைக் கோட்டு நிக்குமான்னு தையல்காரன்கிட்ட கேளுங்க,” என்றார்.

கோயிலுக்கும் போய் வந்தேன். தம்பி கணக்கில் நான் ஊதினால் சேருமா தாயே என்று மாதாவிடம் கேட்டேன். மறுத்துப் பேசவில்லை. அவளும் பெண்தானே.

இதற்கு மேலும் பஸ் ஏற வேண்டும் என்றால் ஏறு. ஆனால் உன்னை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு என்னால் ஊத முடியாது, அப்போது வேண்டுதல் இரண்டு பேருக்கும் கெட்டுப்போகும். ஊதுகிற சங்கை ஊதிவிட்டேன்.

ரேடியோவுக்கு நல்ல பேட்டரி வாங்கிப் போடு.

எவரிஸ்தா


சாந்தா குரூஸ்
16 பிப்ரவரி 1988

அக்கா,

பதினொன்று இரவு பஸ் நிலையத்துக்குப் போனேன். பெட்டியோடுதான் போனேன். டிரைவர் லுபர்தோ என்னைப் பார்த்ததும், “பெட்டியக் குடு, மேலே போடலாம். நீ மட்டும் இங்கயே இரு. வழியில வெடிச்சா சீட்டு யாரு கழுவறது?” என்றான். நீ அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாய் என்று புரிந்தது. பஸ் கிளம்பி, அதன் பின்விளக்கு திருப்பத்தில் மறையும் வரை நின்றேன். அவ்வளவு அவமானமாக இருந்தது. அழுதுகொண்டேதான் வீட்டுக்கு நடந்தேன்.

சனிக்கிழமை இங்கே தெருவெல்லாம் சாயத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கூத்தடித்தார்கள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அறிவிப்பாளன் நம் குழுவின் பெயரைச் சொன்னான். அடுத்து, “நேயர்களே, டூபாவுக்குள்ள ஒரு அம்மா இருக்காங்க, நான் ஒண்ணும் குடிக்கல,” என்றான். கூட்டம் சிரிப்பது கேட்டது. பிறகு நீ ஊத ஆரம்பித்தாய், சிரிப்பு நின்றது. அதுவும் கேட்டது.

கோயில் மேடு ஏறும்போது திருப்பத்துக்கு முன்னால் நான் எப்போதும் ஒரு மூச்சு எடுப்பேன். அப்பாவும் அங்கேதான் எடுப்பார். உனக்காக நான் இங்கே மூச்சை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நீ எடுக்கவில்லை. திருப்பத்தைத் தாண்டி, மேடு பாதி ஏறி, அதற்கு அப்புறம்தான் எடுத்தாய். அப்பா டூபாவைத் தப்பான பிள்ளையிடம் கொடுத்துவிட்டார் அக்கா. இத்தனை பெரிய காற்றை நீ இவ்வளவு வருஷம் எங்கே வைத்திருந்தாய்?

சந்நிதியில் வாத்தியம் நின்றதும் என்னால் உட்கார முடியவில்லை. இங்கே சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன். மூன்று வருஷமும் முடிந்தது தாயே என்றேன்.

நேற்று டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாள். எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். உச்சியில் காற்று இல்லை. நுரையீரல் சுவரோடு ஒட்டிவிட்டது. மாதா ஒட்டவைத்தாள் என்று நீ சொல்வாய், பொறுத்ததால் ஒட்டியது என்று அவள் சொல்கிறாள். நான் இரண்டு பேருக்கும் தலையாட்டி வைத்தேன். இன்னும் சில மாதம் போகட்டும், பிறகு மலை ஏறலாம், ஊதவும் ஊதலாம் என்றாள்.

ஆகவே அடுத்த கார்னிவலுக்கு வருகிறேன். இந்தத் தடவை வேண்டுதல் ஒன்றும் இல்லை, சும்மாதான் வருகிறேன். தோன் கிரிஸ்பினிடம் இன்னொரு டூபா பார்த்து வைக்கச் சொல். என் பழைய இடத்தை நீ யாருக்கும் விட்டுக்கொடுக்காதே, எனக்கும் கூட. உன் பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இடம் இருந்தால் போதும்.

தெயோ